முக்காடில்லாத வீடியோ

முத்தாபுதுப்பேட்டை சாராள், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே தலை நரைத்தவள். மலம் அள்ள முகம் சுளிக்க மாட்டாள். மடத்தனத்தைப் பார்த்தால் சுளிப்பாள்.

இப்போது பூந்தமல்லியில் ரசூல் பீவியைக் கவனித்துக்கொள்கிறாள். பக்கவாதம் பீவியின் பேச்சையும் ஒரு பக்கத்தையும் கொண்டுபோய்விட்டது. புத்தி அப்படியே இருந்தது. வெள்ளானூரில் இருக்கும் அவள் தங்கை வாட்ஸப்பில் பேசி அனுப்புவதைப் போட்டுக் காட்டினால் முகம் தெளிந்து கஞ்சிக்கு வாய் திறப்பாள்.

ஞாயிறு சாராளுக்கு விடுமுறை. திங்கள் காலை வந்தால், பீவி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கரண்டி கிட்டே போனதும், நல்ல கையால் முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். சாராள் வாயில் புண் தேடினாள், காய்ச்சல் பார்த்தாள். ஒன்றுமில்லை. மதியமும் தண்ணீர்கூட இறங்கவில்லை.

தங்கையின் குரலைப் போடலாம் என்று பீவியின் போனை எடுத்தபோது குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ கிடந்தது. மகன் பஷீருதீன் தாய்க்குக் கஞ்சி ஊட்டுகிறான். பின்னால் சோகப் பாட்டு. தாயின் தலையில் துணியில்லை, தாடையில் எச்சில் வழிகிறது. இன்ஸ்டாகிராமில் அவன் போட்டதை யாரோ இங்கே அனுப்பியிருந்தார்கள். கீழே ஒருவர், ‘சீக்கிரம் போய்ச் சேரட்டும், பாவம்’ என்று எழுதியிருந்தார். பீவிக்குப் படிக்கத் தெரியும், நல்ல கையால் போனைத் தள்ளிப் பார்க்கவும் தெரியும்.

சாராள் கூடத்துக்குப் போனாள். “இன்னா பாய், அம்மாவுக்கு ஊட்டுனியா, போனுக்கு ஊட்டுனியா?”

“நல்லதுக்குத்தான்க்கா போட்டேன். அம்மா நல்லாவணும்னு எத்தினி பேரு துஆ செய்றாங்க தெரியுமா?”

“பால்காரன் மணி அடிச்சாலே முக்காட்டை இழுத்துக்கிற மனுஷி. ஊருக்கே தொறந்து காட்டிட்டு துஆன்றே. மொதல்ல அதை எடு.”

“எடுத்தா லைக்கெல்லாம் பூடும்க்கா.”

“பூடட்டும். காலைலருந்து ஒரு வாய் எறங்கல. மூக்குல டியூப் போடுவாங்க, அதையும் வீடியோ புடிச்சுப் போடு.”

பஷீருதீன் போனை எடுத்து வீடியோவை அழித்தான். சாராள் விடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, வந்த வீடியோவை எல்லாரும் அழித்துவிடச் சொல்லி அவன் வாயாலேயே குரூப்பில் பேசவைத்தாள். அத்தை ‘சரிப்பா’ என்றாள். மாமன் மகன் ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டான். அந்தப் பொம்மையை அறைய முடியவில்லையே என்று சாராளுக்கு எரிச்சலாக வந்தது.

பஷீருதீனை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். பீவியின் தலையில் துப்பட்டியைச் சுற்றிக் காதோரம் செருகினாள். பீவி தாழ்ப்பாளையே பார்த்திருந்துவிட்டு வாயைத் திறந்தாள். கஞ்சி இறங்கியது.

“அக்கா, சாப்டறாங்களா? நான் வந்து ஊட்டட்டுமா?” என்றான் பஷீருதீன், கதவுக்கு அப்பாலிருந்து.

அந்தக் குரலைக் கேட்டதும் பீவியின் கை துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்தது.

“நீ அங்கியே இரு,” என்றாள் சாராள்.