பனிக்குள் ஆள் எண்ணியது

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். போன டிசம்பர் பௌர்ணமிப் போயா லீவன்று எல்கடுவைக்கு மேலே நிஜமாக நடந்தது இது. நப்லானுக்குக் கதை கட்ட வராது. வந்திருந்தால் உக்குவளை ஹார்ட்வெயார் கடையில் ஆறு வருஷமாக மூட்டை தூக்கிக்கொண்டிருக்க மாட்டான்.

மலை ஏறும் ஆசை அவனுடையது அல்ல, கூட வேலை செய்யும் சதீஸ்குமாருடையது. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். பாறையைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இராது. அவன் மனைவி சிவநந்தினிக்கு அப்போது எட்டு மாதம். புறப்படும்போது அவள் புருஷனை விட்டுவிட்டு நப்லானிடம்தான் சொன்னாள்.

"அண்ணே, இவரு சொல்லு கேக்க மாட்டாரு. இருட்டுறதுக்கு முந்தி நீங்கதான் கூட்டியாந்து விடணும்."

"நான் கொண்டாந்து விடுறேன் தங்கச்சி."

சொல்லிவிட்டான். சொன்ன வாயைத்தான் பிறகு அடித்துக்கொண்டான்.

கையும் காலும் ஊன்றிப் பாறை பாறையாக ஏறி, பதினொன்றரைக்கு உச்சியைப் பிடித்தார்கள். அங்கே பார்க்க என்ன இருந்தது? ஒரு மண்ணும் இல்லை, எல்லாம் பனி. சப்பாத்துக்குள் தண்ணீர், காலில் அட்டை, முதல் நாள் சீமெந்து இறக்கிய முதுகு. இதற்கா வந்தோம் என்று நப்லானுக்கு அழுகையே வந்தது.

"எனக்கு ஏலாடா. இறங்குவோம்," என்றான்.

இறங்கும்போது பனி இன்னும் இறுகியது. நீட்டிய கை தெரியவில்லை. கொழுந்து பறிக்கிற தன் அம்மாவின் கூட்டத்து வழக்கத்தைச் சதீஸ்குமார் அப்போதுதான் சொல்லிக் கொடுத்தான். பனி மூடினால் ஆள் எண்ணுவார்களாம். முன்னால் நிற்பவர் "ஒன்னு" என்பார், அடுத்தவர் "ரெண்டு". எண் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

"நீ முன்னால போ மச்சான். திரும்பிப் பாக்காத, வழுக்கும். எண்ணிக்கிட்டே போ."

"ஒன்னு."

"ரெண்டு."

நல்ல ஏற்பாடுதான். களைத்தவனுக்குக் கழுத்தைத் திருப்புவதும் ஒரு வேலை அல்லவா.

மணி ஒன்று ஐம்பது. பின்னால் ஒரு கல் உருண்டது. கடகடவென்று கீழே போய் நின்றது. நப்லானும் நின்றான்.

"ஒன்னு?"

சற்றுத் தாமதம்...

"ரெண்டு."

இருக்கிறான். நப்லான் நடந்தான்.

இரண்டே கால். ஏறும்போது சதீஸ்குமாருக்கு மூச்சு வாங்கியது. இப்போது அந்தக் குரலில் இரைப்பே இல்லை.

இரண்டு நாற்பது. "தண்ணி வேணுமாடா?" என்று கேட்டான்.

"ரெண்டு."

கேலி பண்ணுகிறான் என்று எரிச்சல் வந்தது. சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

மூன்று பத்து. "ரெண்டு" இடப் பக்கமிருந்து வந்தது. இடப் பக்கம் பள்ளம். கால் வைக்க இடமே இல்லை.

மூன்றரை. நப்லான் வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டு."

காதுக்குப் பக்கத்தில்...

அவன் திரும்பவில்லை. தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினான். நடந்தான்.

நாலு மணி ஐந்து நிமிடம். காலடியில் தார் ரோட்டு.

திரும்பினான்.

யாருமில்லை.

லயத்தில் அவனைக் கண்டதும் சிவநந்தினி எழுந்து, "அவரு எங்க?" என்றாள். நப்லானால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு பேர் கயிறோடு குறுக்குவழியில் புறப்பட்டார்கள். அந்தக் களைப்போடு அவனும் போனான். கல் உருண்ட இடத்தை அவனைத் தவிர யாருக்குக் காட்டத் தெரியும்? ஐந்து ஐம்பதுக்குக் கண்டுபிடித்தார்கள். பாதைக்கு ஆறடி கீழே, புதருக்குள் கிடந்தான் சதீஸ்குமார். விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. அத்தனை பேர் கூப்பிட்டும் ஒரு சத்தம் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் பேசினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், நப்லானின் கையைப் பிடித்துக்கொண்டு.

"விழுந்ததும் மூச்சு அடைச்சிருச்சு மச்சான். குரலே வரல. நீ மேல நின்னு ஒன்னுன்னு கேட்ட. அந்த எடத்துல பனி கொஞ்சம் வெலகி உன் சப்பாத்து கூடத் தெரிஞ்சிச்சு. உனக்குப் பின்னால நின்னு, என் குரல்ல, யாரோ ரெண்டு சொன்னாங்க. நீ போயிட்ட."

நப்லான் குலுங்கிக் குலுங்கி அழுதான். "திரும்பிப் பாத்திருக்கணும். மன்னிச்சிக்கடா."

"அத விடு." சதீஸ்குமார் வாசல் பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கை மூஞ்சிக்கு முன்னால கெடந்திச்சு. மணிக்கூட்டுல நாலு அஞ்சு. அப்பதான் அது திரும்பி வந்து என் பக்கத்துல உக்காந்திச்சு."

"எது?"

"உன் குரல்ல, ஒன்னுன்னுச்சு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒன்னுன்னுச்சு. நீங்க வந்து தூக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு மச்சான். நான் வாயே தொறக்கல."