மூன்றாவது கேள்வி

இது நடந்தது. நடக்கவே இல்லை என்று யாராவது நிரூபித்தால் அவர் காலில் விழுவேன். அன்று அந்த அறையில் என்னோடு இருந்த நான்கு பேரில் மூன்று பேர் இன்றும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

என் பெயர் வெஸ்ஸி. மலாவியின் வடக்குக் கோடியிலிருந்து முனைவர் பட்டத்துக்காக ஸோம்பாவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்தவள். என் கைடு பேராசிரியர் மலுங்கா. நான் எழுதிக் கொண்டுபோன இரண்டு ஆய்வு முன்மொழிவுகளையும் மற்ற மாணவர்கள் முன்னாலேயே மேசையில் விட்டெறிந்தார்.

“வடக்கத்திக்காரங்க புத்தகத்தைத் தின்னு வளர்ந்தவங்கன்னு பேரு. நீ என்னம்மா, அட்டையை மட்டும் தின்னியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது முறை அவரே ஒரு தலைப்பைத் தூக்கிப் போட்டார். சில்வா ஏரி வற்றும்போது மீனவர் வீட்டுப் பெண்கள் எங்கே போகிறார்கள்? அதற்கான ஆய்வுக் கேள்விகளும் தயாராக இருந்தன. மூன்றாவது கேள்வி இது: ஏரி மறுபடி நிறைந்த பிறகும் சிலர் ஏன் திரும்பி வருவதில்லை?

“இதை வெச்சு ஒப்பேத்து. இதுலயும் கோட்டை விட்டா மூட்டையைக் கட்டு.”

ஜூலை மாதம். மலையிலிருந்து இறங்கிய பனித்தூறல் ஒரு வாரமாக விலகவில்லை. ஆய்வு மாணவர் அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. முன்மொழிவைத் தேர்வாளர்கள் முன் வாசிக்கும் நாளுக்காக, தோழி தோகோவை எதிரே உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். மூன்றாவது கேள்வியைப் படித்து முடித்தேன்...

ச்சு.

சலிப்பில் நாக்கைத் தட்டும் சத்தம்.

“ஏண்டி, நல்லா இல்லையா?”

“நான் எதுவும் பண்ணலையே. நீதான் பண்ணின.”

மறுபடி படித்தேன். அதே இடம். ச்சு. இந்த முறை தோகோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

“வெஸ்ஸி... நீதான்டி பண்ற.”

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. நானாக ஒட்டவைக்கவில்லை.

பதற்றம்தான், தூங்கினால் சரியாகும் என்று தோகோ சொன்னாள். நானும் நம்பினேன்.

புதன்கிழமை காலை பத்து மணி. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூடத் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மலுங்கா, வெளித் தேர்வாளராக வந்த டாக்டர் காசிபே அம்மையார், எங்கள் துறை ஆசிரியர்கள் இருவர். முதல் ஸ்லைடிலேயே மலுங்கா கொட்டாவி விட்டார். மூன்றாவது கேள்வி வரை வந்துவிட்டேன். சத்தம் எதுவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

காசிபே அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“அந்த ஏரிக்கரைக்கு நீங்க போயிருக்கீங்களா?”

போனதில்லை. ‘இல்லை, மேடம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அங்கேதான் பிறந்தேன்.”

கரகரத்த குரல். ரொம்ப நாள் பேசாத தொண்டையிலிருந்து வருவதுபோல. என் வடக்கத்தி இழுப்பு அதில் இல்லவே இல்லை.

அது நிற்கவில்லை. வெயிலில் வெடித்த ஏரிச்சேற்றைப் பற்றிப் பேசியது. படகைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் அடியில் பிள்ளை பெற்ற பெண்ணைப் பற்றிப் பேசியது. எனக்கு இதில் எதுவுமே தெரியாது. காசிபே தலையாட்டிக்கொண்டே எழுதினார். யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

உள்ளே நான் கத்தினேன். முழு பலத்தையும் திரட்டிக் கத்தினேன்.

உதடு எனக்குக் கட்டுப்படவில்லை.

கழுத்து திரும்பியது. மலுங்காவைப் பார்த்தது...

“நாலு தடவை தூக்கி எறிஞ்சீங்க, சார். குப்பைன்னீங்க. குப்பையை எதுக்குப் பத்திரமா வெச்சிருந்தீங்க?”

மலுங்காவின் முகம் சாம்பலாகிவிட்டது.

“எஸ்நாத்...?”

யாரோ சிரித்தார்கள்.

என் உதடு தானாக இளித்தது.

ச்சு.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கடிகாரத்தில் பத்து நாற்பது.

முன்மொழிவு தேறிவிட்டது. களத்தை இவ்வளவு நன்றாக அறிந்த மாணவியைப் பார்த்ததில்லை என்று காசிபே எழுதிக் கொடுத்திருந்தார். நான் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். மலுங்கா அந்த மாதமே வேலையை விட்டார்.

எஸ்நாத் யார் என்று தோகோதான் விசாரித்துச் சொன்னாள். எனக்கு முன்னால் மலுங்காவிடம் இருந்த மாணவி. அந்தத் தலைப்பு அவளுடையது. நான்காவது முறை அவர் அதைத் தூக்கி எறிந்த அன்று, அதே அறையில், பாதி வாக்கியத்தில் நிறுத்தியவள். பிறகு பேசவே இல்லையாம். செத்துப்போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

சாகவில்லை. ஏரிக்கரையில் கச்சுலுவில், அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றார்கள். போனேன்.

வாசலில் நின்று வணக்கம் சொன்னதும் அவள் அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே எஸ்நாத் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

“ஆறு வருஷமா வாயைத் திறக்காதவம்மா. போன மாசம் ஒரு புதன்கிழமை காலையில திடீர்னு எழுந்து நின்னா. சுவத்தைப் பார்த்து இங்கிலீஷ்ல பேசினா. யாரோ கேள்வி கேட்கிற மாதிரி, இவ பதில் சொல்ற மாதிரி...”

“அப்புறம்?”

“அப்புறம் பேச்சே இல்ல.”

கிளம்ப எழுந்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

“நடுநடுவுல வேற ஒரு குரலும் அவ வாயிலேருந்து வந்துச்சும்மா. ஏதோ வடக்குப் பாஷை. எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. பிடிச்சு அடைச்சு வெச்ச மாதிரி ஒரே கத்தல், ஒரே அழுகை... யாரோட குரல்னு இத்தனை நாளா எனக்குப் புரியலை.”

என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“நீ வாசல்ல வந்து வணக்கம் சொன்னப்பதான் புரிஞ்சுச்சு.”