அந்தப் பையன் சொல்லட்டும்

தியேட்டர் நாற்காலியில் உட்காருவதற்கு முன் உட்ஸுமி தெய்ஸோ அதைச் சுட்டிக் காட்டுவார். வலது கை நீளும், ஆள்காட்டி விரல் விறைக்கும், "இருக்கை, சரி!" என்று குரல் எழும். அதற்குப் பிறகுதான் உட்காருவார். அடுத்து "திரை, சரி!" அதற்கடுத்து மடியில் இருக்கும் டப்பாவைக் காட்டி, "பொரி, சரி!" வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் திரும்ப மாட்டார்கள்.

கடற்கரை ஓரமாக ஓடும் ஒற்றைப் பெட்டி ரயிலுக்கு அவர் டிரைவர். சிக்னலைக் கண்ணால் பார்த்து, கையால் சுட்டி, முதலில் அதன் பெயரையும் பிறகு அதன் நிறத்தையும் வாய்விட்டுச் சொன்னால்தான் வண்டியை நகர்த்த வேண்டும் என்பது விதி. "பாலத்து சிக்னல், பச்சை!" நாட்டில் எல்லா டிரைவர்களும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் வெள்ளைக் கையுறையைக் கழற்றும்போது அந்தப் பழக்கத்தையும் கழற்றி வைக்கிறார்கள். இவருக்கு அது தோலோடு ஒட்டிக்கொண்டது. கூட வேலை செய்யும் நிஷிவாகியின் அப்பா இறந்தபோது, சவப்பெட்டியை ஆணி அறைந்து மூடியதும் கூட்டத்திலிருந்து ஒரு விரல் நீண்டது: "மூடி, சரி!" அழுதுகொண்டிருந்த நிஷிவாகி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டான்.

தடித்த உடம்பு. நெற்றியில் தொப்பி அழுத்திய வரி, விடுமுறை நாளிலும் மறையாது. காலையில் ஸ்டேஷன் வாசலில் மசாயோவின் சாப்பாட்டுக் கடையில் கானாங்கெளுத்தி வறுவல் வைத்த பொட்டலம் ஒன்று வாங்குவார். அவருக்கு அந்த மீன் ஆகாது. முதல் நாள் அவர் எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றபோது மசாயோவே அதை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து மீன் பணிமனைப் பூனைக்கு, சோறும் ஊறுகாயும் இவருக்கு. பூனை நடக்க முடியாமல் கொழுத்துக் கிடக்கிறது. மசாயோவைப் பெயர் சொல்லி இவர் கூப்பிட்டதே கிடையாது. "கடைக்காரம்மா" என்பார், அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார், தராசைப் பார்த்துச் சொல்வார்.

இப்போது அவர் தியேட்டரில் பார்த்த படத்துக்கு வருகிறேன். "சொல்லத்தான் வந்தேன், குடையை மறந்துவிட்டேன்" என்று ஒரு அனிமே கார்ட்டூன் தொடர். பெயரே ஒரு வாக்கியம். பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்குக் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தியிடம் பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகத் தொலைக்காட்சியில் அவன் சொல்ல வாயெடுக்கிறான். வாயெடுத்ததும் வாணவேடிக்கை வெடிக்கும், இல்லை பூனை குட்டி போடும், இல்லை தலைமை ஆசிரியர் நீச்சல் குளத்தில் விழுவார். தெய்ஸோ இதில் ஒரு வாரம் விட்டதில்லை. ஒரு வருஷக் கடைசி விருந்தில், சாக்கே மது உள்ளே போனபிறகு, நிஷிவாகி சீண்டினான்: "அண்ணே, நீங்க அந்தக் கடைக்காரம்மாகிட்ட எப்பத்தான் சொல்லப் போறீங்க?" இவர் எழுந்து நின்று மேஜையைச் சுட்டி அறிவித்தார்: "அந்தப் பையன் என்னைக்குச் சொல்றானோ, அன்னைக்கு நானும் சொல்வேன்!"

பயமில்லாத சபதம். அவன்தான் சொல்லவே மாட்டானே. ஊர் முழுக்க இந்தச் சபதம் தெரியும். தெரியாதவள் போல மசாயோ பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் தொடரின் முடிவு திரைப்படமாகவே வந்துவிட்டது. எங்கள் தியேட்டரிலும் போட்டார்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பது நான்தான். எழுத்து படிக்கத் தெரியாது, காகிதத்தின் நிறத்தை வைத்துக் கிழிப்பேன், ஒருநாளும் தப்பியதில்லை. முதல் ஞாயிறு தெய்ஸோ இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாக வந்தார். படம் ஓடியது. பள்ளி மொட்டை மாடி, மழை, பையன் மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறான். அந்த நொடியில் இவர் விருட்டென்று எழுந்தார்.

"வெளியேறும் வழி, சரி!"

இரண்டு பக்கமும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே வந்து, என் பக்கத்தில் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றார். அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும்.

"ஏம்ப்பா, டிக்கெட் வாங்கி முக்கால் படம் பாக்குற ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான்" என்றேன்.

"பாட்டி, டிரைவர் தன் கண்ணால பாத்து, கையால சுட்டி, வாயால சொன்னாத்தான் சிக்னல் விழுந்ததா அர்த்தம். நான் பாக்கல. அதனால அவன் இன்னும் சொல்லல."

"ஊரே பாத்துட்டு மூக்கச் சிந்திக்கிட்டு வருதேப்பா."

"ஊரா வண்டி ஓட்டுது?"

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? முடிவைச் சொல்லி அவர் ஓட்டத்தை நிறுத்தியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்காதவரிடம் கதையின் முடிவை உடைப்பது இங்கே பிறர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவது மாதிரி. நிஷிவாகியும் சொல்லவில்லை, பள்ளிக்கூடப் பெண்களும் சொல்லவில்லை. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. தியேட்டர் வாசலில் நிற்கிற நான் மட்டும் சொல்லிவிடுவேனா?

இதற்கிடையில் நகோயா நகரத்திலிருந்து மசாயோவின் அக்கா கூப்பிட்டாள். அங்கே பெரிய கடை போடுகிறாள், கூட வந்து இருக்கச் சொல்கிறாள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்கிறாள். மசாயோ இதை ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொன்னாள். தெய்ஸோவிடம் இரண்டு தடவை சொன்னாள். அவர் தராசைப் பார்த்து, "நகோயாவுல ரயில் வசதி நல்லா இருக்கும்" என்றார்.

அந்த ஞாயிறுதான் எங்கள் ஊரில் படத்துக்குக் கடைசி நாள். அன்று மதியம் ஆரவாரக் காட்சி. அதில் மட்டும் பார்க்கிறவர்கள் கத்தலாம், நிறம் மாற்றும் விளக்குக்கோல் ஆட்டலாம், திரையில் இருப்பவர்களோடு பேசலாம். அரங்கு நிறைந்துவிட்டது. தெய்ஸோ சுவரை ஒட்டிய இருக்கையில் இருந்தார். விளக்கணைக்கும் நேரத்தில் மசாயோ வந்தாள். கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் சிவப்பாக எரியும் விளக்குக்கோல், அந்தக் கண்ணாடிப் பெண்ணுக்கென்று ரசிகர்கள் வைத்த நிறம். நேராகப் போய் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

மொட்டை மாடி வந்தது, மழை வந்தது. தெய்ஸோ எழுந்தார், விரலை நீட்டினார். "வெளியேறும் வழி..."

வழியில் மசாயோவின் முழங்கால்கள் இருந்தன.

தடை இருக்கும்போது "சரி" சொல்லக் கூடாது. "சரி" சொல்லாமல் அவருக்குக் கால் நகராது. கதவோரம் நின்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீட்டிய விரலோடு மனிதர் வேர்த்துப்போனார். "உட்காருங்க, மறைக்குது" என்றாள் மசாயோ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். உட்கார்ந்தார்.

திரையில் பையன் வாயைத் திறந்தான். காற்றடித்தது. குடை பறந்தது. பையன் குடையைத் துரத்திக்கொண்டு ஓடினான். கண்ணாடிப் பெண் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"நீ சொல்றதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துடும். போதும். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. தலையை மட்டும் ஆட்டு."

பையன் தலையை ஆட்டினான். படம் அவ்வளவுதான்.

தெய்ஸோ துள்ளி எழுந்தார். "அவன் சொல்லல!"

ஆரவாரக் காட்சி அல்லவா, பள்ளிக்கூடப் பெண்கள் அதையும் கோஷமாக எடுத்துக்கொண்டார்கள். "சொல்லல! சொல்லல!" என்று அரங்கமே விளக்குக்கோலை ஆட்டிக் கத்தியது. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் அடங்கினார்கள், தெய்ஸோவும் உட்கார்ந்தார். கடைசிப் பெயர் போகும்வரை இங்கே யாரும் எழ மாட்டார்கள். எனக்கு ஒரு பெயரும் படிக்க வராது, நானும் அசையாமல் நிற்பேன்.

வெளிச்சம் வந்தது. தெய்ஸோ கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினார். "பாட்டி, உங்களுக்குத் தெரியுமா இது?"

"முத நாளே தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"படம் பாக்காதவன்கிட்ட முடிவைச் சொல்றதா? என்னை என்னன்னு நெனச்சே?"

அவர் நெற்றி வரியைத் துடைத்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்போ... சபதப்படி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

"வேண்டியதில்ல" என்றாள் மசாயோ. ஏப்ரனின் சுருக்கத்தை நீவி விட்டாள். "இனிமே போய் அக்காவுக்குப் போன் பண்ணணும். ஒண்ணே ஒண்ணுதான் யோசனை. நான் போயிட்டா அந்தப் பூனைக்கு மீன் யாரு போடுவா?"

தெய்ஸோவின் வாய் அந்தப் பையனின் வாயைப் போலவே திறந்து நின்றது. வாணவேடிக்கை எதுவும் வெடிக்கவில்லை. தலைமை ஆசிரியர் யாரும் குளத்தில் விழவில்லை. மசாயோ அவரையே பார்த்துக்கொண்டு, விளக்குக்கோலின் அடியில் இருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினாள். சிவப்பு மறைந்தது. பச்சை எரிந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்தார். ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினார். எழுந்து நிமிர்ந்து நின்றார். இந்தத் தடவை கண் தராசைத் தேடவில்லை. கை தோளுக்கு நேராக நீண்டு, விரல் நடுங்காமல் அவளைக் காட்டியது.

"மசாயோ, பச்சை!"