குழியில் ஊறும் தண்ணீர்

தஞ்சாவூரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் மேடான இடத்தையெல்லாம் வெள்ளைக்காரர்கள் எப்போதோ பிடித்துக்கொண்டார்கள். பல்கலைக்கழக நண்பர் ஒருவர் சொன்னாரென்று அவர்களுடைய கல்வெட்டுகளைப் படிக்க வந்திருக்கிறேன். கீழே பள்ளத்தில், குழி வெட்டும் சவரிமுத்து புதுக்குழிக்குள் நின்று வாளியால் தண்ணீர் இறைக்கிறார்.

"மழையே பெய்யலையே?" என்கிறேன்.

"ஆத்துல தண்ணி விட்டுட்டாங்கல்ல சார். மூணடி தோண்டுனாலே ஊத்தெடுக்குது."

இறைக்க இறைக்க ஊறுகிறது. அதற்குள் சவப்பெட்டி வந்துவிடுகிறது. இறந்தவர் அதிராம்பட்டினம் பக்கத்து விவசாயி. இங்கே மகள் வீட்டில் இருந்தவராம். சவரிமுத்து அவருடைய மனைவியைப் பார்த்துச் சங்கடத்தோடு சொல்கிறார்: "பத்து நிமிஷம் பொறுத்துக்குங்கம்மா, இறைச்சிடறேன்."

அந்த அம்மாள் குழிக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"இறைக்காதீங்க. எங்க வயலு கடைமடை. எல்லாருக்கும் பாஞ்சு கடைசியாத்தான் எங்களுக்கு வரும். வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சான்னு நேத்து வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. இருக்கட்டும்."

சவரிமுத்து வாளியைக் கரையில் கவிழ்த்துவிட்டு மேலே ஏறுகிறார்.