சௌசௌ வேலி

எங்கள் வீட்டு வேலி வெறும் கம்பி வலை. அதை ஒட்டித்தான் தேயிலைக் காட்டுக்குப் போகிற பாதை. வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலைப் பார்க்காமல் போக முடியாது. என் வீட்டுக்காரர் எஸ்டேட் லோரி ஓட்டியவர். அந்தப் பாதையில் போன யாரையும் அவர் சும்மா விட்டதில்லை. நிறுத்தி வம்பளந்துதான் அனுப்புவார்.

பிறகு அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. கால் ஓரளவு தேறியது. வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, பேச்சு குழறியது. தினமும் நாலு பேரோடு பேச வேண்டும், பேசாமல் இருந்தால் இருக்கிற பேச்சும் போய்விடும் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி சொல்லி அனுப்பினார். மனுஷர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். டிவி நன்றாகப் பேசியது.

வாசலில் உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன், கத்தினேன், சோறு கிடையாது என்றும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். வேலியில் கொடி ஏற்றி மறைத்தால் வருவாராம். ஆள் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

சரி, கொடியைத் தேர்ந்தெடுப்பது என் கையில்தானே இருக்கிறது. ஏறாத கொடியாகப் பார்த்து வைப்பது என்று முடிவு செய்தேன். பிரிஞ்சாங்கில் நாற்றுக் கடைக்குப் போய் மல்லிகை கேட்டேன். இந்தக் குளிரிலா என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம், அதுதான் வேண்டும் என்றேன். மல்லிகை என்னைக் கைவிடவில்லை. வேலி ஓரத்தில் குந்திக்கொண்டு, போர்வை கிடைக்காத பிள்ளை மாதிரி நடுங்கியது. நானும் தவறாமல் தண்ணீர் ஊற்றி, கவலைப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் கைத்தடியை அடுப்படிப் பக்கம் நீட்டினார். அங்கே கூடையில் ஒரு சௌசௌக் காய் முளைவிட்டுக் கிடந்தது. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் என் தம்பி கொடுத்தது, சாம்பாருக்கு வைத்திருந்தேன்.

"அத... வையி," என்றார்.

வைத்தேன். சௌசௌவுக்குச் சூது வாது தெரியாது. காயை அப்படியே பாதி புதைத்தால் போதும், பிடித்துக்கொண்டு ஏறும். கொஞ்ச நாளில் கம்பி தெரியவில்லை, பாதை தெரியவில்லை. அவர் பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசலுக்கு வந்து இலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் கொழுந்து கிள்ளுகிற கூட்டம் சேர்ந்தது. சௌசௌக் கொழுந்தைப் பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் சோறு தானாக இறங்கும். வேலைக்குப் போகிற பெண்கள் நடந்த நடையிலேயே கிள்ளிப் பையில் போட்டார்கள். பங்களாதேஷ்காரத் தம்பிகளும் கிள்ளினார்கள். கிள்ளட்டும், கொடி மொட்டையாகட்டும் என்று விட்டுவிட்டேன். கிள்ளக் கிள்ளச் செடி தழைக்கும் என்பது, தேயிலைக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. ஒரு கொழுந்து போன இடத்தில் மூன்று வந்தது. வேலி சுவராகிவிட்டது.

ஒரு காலை நான் அடுப்படியில் இருந்தேன். வெளியே குரல் கேட்டது. முன்பு இவர் லோரியில் மூட்டை ஏற்றிய ஆளின் மனைவி, இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள். கிள்ளிக்கொண்டே இலைக்குள் குரல் கொடுத்தாள், அண்ணே உள்ளே இருக்கிறீர்களா என்று. பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவர் குரல் வந்தது.

"இருக்கேன். நீ... காய் காய்க்க விடுலா."

குழறிய பேச்சுதான். அவளுக்குப் புரியவில்லை. என்ன அண்ணே என்று கேட்டாள். அவர் எரிச்சலோடு மறுபடி சொன்னார். அவளால் அவர் வாயைப் பார்க்க முடியாது, அதனால் பேசுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறி தீய்ந்துவிடக் கூடாதே என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு தினமும் பேச்சுதான். மேனேஜர், முட்டைக்கோஸ் விலை, எவன் புதுக் கெரெத்தா வாங்கி ஓட்டுகிறான் என்பது வரை இலை வழியாகப் போய் வந்தது. நானே அந்தக் கொடிக்கு மாட்டு எரு போட ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழை விடாமல் அடித்ததில் இலையெல்லாம் புள்ளி விழுந்து அழுகியது. வேலியில் வெறும் தண்டுதான் மிஞ்சியது. நாற்காலியை உள்ளே எடுத்துப் போடவா என்று கேட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணே என்று கூப்பிடுகிறவள் வந்தாள். வேலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உடனே முகத்தை எதிர் மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தத் தேயிலைச் செடிகளிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"அங்க யாரு இருக்கா? என்னயப் பாத்துப் பேசு."