கூம்பு நத்தையும் படகுக்காரியும்

படகுக்காரி என்றால் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. கணவர் முக்குளித்துச் சங்கும் சிப்பியும் எடுப்பார். அவள் இன்ஜினைப் பார்த்துக்கொள்வாள், மேலே வந்ததைப் பிரிப்பாள், நடுநடுவே அவரைத் திட்டுவாள். சுக்கான் அவளுடைய தம்பி கையில்.

அன்று பை நிறைந்துவிட்டது. முக்குளிக்கிறவர்களுக்கே உரிய கிறுக்குத்தனம், கடைசியாகக் கண்ணில் பட்ட கூம்பு நத்தையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு மேலே ஏறினார்.

"என்னமோ சுருக்குன்னு குத்துச்சு" என்று முழங்கையைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் உதடு மரத்து, நாக்கு குழறி, அப்படியே சரிந்தார். அவள் சட்டையை உதறினாள். விரல் நீளம்கூட இல்லாத நத்தை உருண்டு விழுந்தது. வெள்ளை ஓட்டில் பழுப்பு வலை பின்னியிருந்தது. அம்மாடி, என்ன அழகு! இத்தனூண்டு ஜீவனா இவ்வளவு பெரிய ஆளைச் சாய்த்தது?

மூச்சு நின்றது. இந்த விஷத்துக்கு முறிவு மருந்து இல்லை. அது தானாக இறங்கும்வரை இன்னொருவர் மூச்சு கொடுத்தால் ஆள் பிழைக்கலாம். முக்குளிக்கிறவர் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரியும். மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். "தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கண்டதையும் சட்டைக்குள்ள போடாதீங்கன்னு!" என்று திட்டினாள். மறுபடி ஊதினாள்.

கரைக்குப் பாதி வழியில் தம்பி திரும்பிப் பார்த்தான். மாமாவின் கண் பாதி திறந்து, ஆடாமல் அசையாமல் இருந்தது.

"அக்கா, மாமா போயிட்டாருக்கா. விட்டுடு."

"வாயை மூடிக்கிட்டுப் படகை ஓட்டுடா!"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். துடிப்பது அவரா, இன்ஜின் அதிர்வா? தெரியவில்லை. தெரியாமலேயே கரைவரை ஊதினாள்.

ஆஸ்பத்திரியில் இயந்திரம் மூச்சு கொடுத்தது. மறுநாள் விஷம் இறங்கியதும் குழாயை எடுத்தார்கள். தம்பி வாளியில் போட்டுக் கொண்டுவந்திருந்த நத்தையை டாக்டர் காட்டினார்: "இதால மீனைத் துரத்திப் பிடிக்க முடியாது. அதான் ஒரே குத்துல மீன் அசையாமப் போற மாதிரி விஷம் வச்சிருக்கு." படகுக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள்.

கணவர் கம்மிய குரலில் கூப்பிட்டார்.

"எல்லாம் கேட்டுச்சுடி. அவன் விட்டுடுன்னான் பாரு... கேட்டுடாதடி, கேட்டுடாதடின்னு உள்ளுக்குள்ளேயே கத்தினேன். இமையைக்கூட அசைக்க முடியல."

அவள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கதவருகே நின்ற தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.