வந்தது என்று எழுதிய வரிகள்

என் கணவர் முதல் தடவை என்னை அடித்தது, தையல் மெசின் வாங்கக் கடன் எடுத்த ஒரு பெண்ணுக்காக. அந்தப் பெண்ணை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எங்களுக்கு அவள் ஓர் இலக்கம் மட்டும்தான்.

கட்டாரில் ஒன்பது வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்தவர் அவர். கொண்டுவந்த காசில் பதினெட்டு இலட்சத்தைப் போன் வழியாகக் கடன் கொடுக்கும் தளம் ஒன்றில் போட்டார். அங்கே வங்கி நடுவில் நிற்காது. கடன் தேவைப்படுகிறவர்கள் பதிந்து வைப்பார்கள். காசு உள்ளவர்கள் அதைப் பங்கு பங்காகக் கொடுப்பார்கள். ஒரே ஆளுக்குக் கொடுக்கப் பயந்து, இருபதாயிரம் இருபதாயிரமாகத் தொண்ணூறு பேருக்குக் கொடுத்தார். கடன்காரரின் பெயர் தெரியாது. ஓர் இலக்கம், மாவட்டம், எதற்காகக் கடன் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

போனைத் திறந்தால் மொத்தத் தொகை மட்டும் பெரிதாகத் தெரியும். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பார்க்க ஒவ்வொன்றாக உள்ளே போக வேண்டும். எல்லாம் ஆங்கிலம். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

“நீ கொமர்ஸ் டீச்சர்தானே. ஆரு கட்டின, ஆரு கட்டல்ல எண்டு பாத்த உடன விளங்கிற மாதிரி ஒரு பட்டியல் போட்டுத் தா” என்றார்.

லெப்டொப்பில் தொண்ணூறு வரிகளில் ஓர் அட்டவணை செய்தேன். நேரத்துக்குக் கட்டினால் பச்சை. ஒரு மாதம் பிந்தினால் மஞ்சள். மூன்று மாதம் பிந்தினால் சிவப்பு. சனிக்கிழமை காலையில் அவர் போனைத் தருவார். நான் ஒவ்வொரு கடனாகப் பார்த்துப் பதிவேன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே மேலிருந்து கீழாகப் பார்ப்பார். முதல் வருடம் ஏறக்குறைய எல்லாம் பச்சை. அந்த வருடம் அவர் நல்ல மனிசன்.

பிறகு சாமான் விலை ஏறி, எண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. முதல் சிவப்பு, தையல் மெசின்.

“இதென்ன?”

“மூணு மாசமாக் கட்டல்ல.”

“நீ பாத்துக்கிட்டா இருந்த?”

“நான் என்ன செய்யிற? அந்தப் புள்ளைக்கு என்ன கஷ்டமோ…”

சொல்லி முடிக்கவில்லை. இடது காதோடு சேர்த்து அறைந்தார். தலை சுவரில் பட்டது. இரண்டு நாள் காதுக்குள் கூவிக்கொண்டே இருந்தது. அன்று பகல் அவரே கடைக்குப் போய்ச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, “சாப்பிடு” என்றார். சாப்பிட்டேன்.

அடுத்த சிவப்புக்கு, வீடு கூட்டுகிற தும்புத்தடி. அதற்கடுத்ததற்கு இடுப்புப் பட்டி. ‘ஓட்டோ திருத்த’ என்று எடுத்தவன் கட்டாத சனிக்கிழமை, என் தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் இரண்டு தரம் மோதினார். சத்தம் போட மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வேலையைச் செய்கிற மாதிரி செய்வார். நான், போதும் விடுங்கள் என்று, “காணும், காணும்” என்பேன். பள்ளிக்கூடத்தில் உள்ளவர்களிடம், வீட்டுக் கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்பேன். ஒரே ஆள் எத்தனை தரம் வழுக்குவது? யாரும் கேட்கவில்லை.

எனக்கு அவரில் வராத கோபம் அந்த இலக்கங்களில் வந்தது. தையல் மெசின்காரி நாசமாகப் போகட்டும் என்று கும்பிட்டிருக்கிறேன். கோழிக்கூடு போடக் கடன் எடுத்தவனின் கோழியெல்லாம் சாக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை, உயர்தர வகுப்பில் அறவிட முடியாக் கடன், அதாவது இனித் திரும்பி வராத கடன், படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கணக்கைச் செய்யாமல் வந்திருந்தாள் ஒரு பிள்ளை.

“ஏன் செய்யல்ல?”

“மறந்திட்டன் டீச்சர்.”

கோடு போடுகிற மர அடிமட்டத்தால் உள்ளங்கையில் அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையை இழுத்தாள் என்று முழங்கையில் அடித்தேன், தோளில் அடித்தேன். அடிமட்டம் முறிந்து பாதி கையில் நின்றது. அதாலும் அடித்தேன்.

“டீச்சர், காணும்” என்றாள் அந்தப் பிள்ளை.

சனிக்கிழமைகளில் நான் சொல்கிற சொல். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வகுப்பை விட்டு வெளியே போனேன்.

அன்று பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். தோளில் தோல் உரிந்திருந்தது. அவளுடைய தாயிடம், “நான் செஞ்சது பெரிய பிழை, எங்க வேணுமெண்டாலும் முறைப்பாடு குடுங்க” என்றேன். தாய் எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். “படிக்கத்தானே அடிச்ச நீங்க. இவள் அடிச்சாத்தான் படிப்பாள்” என்றாள். பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை.

இனி என் வீட்டில் சிவப்பே வரக்கூடாது என்று வருகிற வழியில் முடிவெடுத்தேன். அந்தச் சனிக்கிழமை, கட்டாமல் சிவப்பாக நின்ற நான்கு பேருக்கு ‘வந்தது’ என்று பதிந்து பச்சை அடித்தேன். பிந்திய கடன்களையும் சேர்த்தே போன் மொத்தத் தொகையைக் காட்டியதால் அவருக்குத் தெரியவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

ஆனால் பொய்க் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. உண்மையான அட்டவணை ஒன்றைச் செய்து, பொய்யானதின் பிரதியோடு என் மின்னஞ்சலில் ஒளித்து வைத்திருந்தேன். உண்மையானதன் கடைசியில் குறிப்பு என்று ஒரு நிரல். ஏன் மாற்றி எழுதினேன் என்பதற்குக் காரணம் வேண்டுமே. அதனால் ஒவ்வொரு பழைய சிவப்பு வரிக்கும் நேரே, திகதியும் அவர் எதைக் கொண்டு எங்கே அடித்தார் என்பதும் எழுதினேன்.

ஐந்து மாதம் என் உடம்பில் ஒரு காயம் இல்லை. பொய் வரிகள் இருபத்தொன்று ஆகின.

பிறகு ஒரு ஞாயிறு காலை. பழைய லொறி ஒன்று விலைக்கு வந்தது என்று, காசை எடுக்க அவர் போனைத் திறந்திருக்கிறார். நெடுநாளாகக் கட்டாத பதினான்கு கடன்களை அறவிட முடியாதவை என்று தளம் தள்ளிவிட்டிருந்தது. மொத்தம் இறங்கிக் கிடந்தது. நான் கிணற்றடியில் பலகை போட்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் போனும் மறு கையில் லெப்டொப்பும் கொண்டு வந்தார்.

“எல்லாம் பச்சை. என்ன?”

நான் எழும்பவில்லை. “நீங்க அடிக்கிறதாலதான் மாத்தி எழுதினன்” என்றேன்.

லெப்டொப்பைத் தூக்கி, அதாலேயே ஓங்கி அடித்தார். இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி நெற்றியில். இரத்தம் கண்ணுக்குள் வந்தது. மீன் பலகையோடு விழுந்தேன். விலாவில் உதைத்தார். மயிரைப் பிடித்துக் கிணற்றுக் கட்டுப் பக்கமாக இழுத்தார். மீன் கத்தி என் வலது கையில்தான் இருந்தது. என்னைப் பிடித்திருந்த கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்தேன்.

விட்டுவிட்டார். வெட்டு வாய் பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்து வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மறுபடி கத்தியை ஓங்கினேன். பயமுறுத்த ஓங்கவில்லை. கழுத்துக்குத்தான் ஓங்கினேன்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஒரே வளவுக்குள் பக்கத்து வீடு அவளுடையது. மண்வெட்டிப் பிடியால் அவர் முழங்காலுக்குப் பின்னே ஓங்கி அடித்தாள். அவர் மடிந்து விழுந்தார். பிறகு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“கத்தியக் கீழ போடு புள்ள. உள்ளுக்குப் போயிருவாய்.”

போட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீட்டுக்கு, ஒரு சூட்கேசோடு வந்து ஏறியவர் அவர். பதினொரு வருடமாக அது அவருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் ஞாபகமில்லை.

“இது என்ட வீடு. எழும்பிப் போடா” என்றேன்.

இரண்டு ஓட்டோக்களில் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்கு இருபத்தாறு தையல். எனக்குக் கையில் தகடு வைத்தார்கள்.

பொலிசில் அவர் சொன்னது மூன்று வசனம். “கணக்குல கள்ளம் செஞ்சாள். கேக்கப் போனன். வெட்டிப் போட்டாள்.” மூன்றும் உண்மை. லெப்டொப் உடைந்திருந்தது. அக்காதான் என் மின்னஞ்சலிலிருந்து இரண்டு அட்டவணைகளையும் கடையில் அச்சடித்துக்கொண்டு வந்தாள்.

பெண் பொலிஸ் ஒருவர் கடைசி நிரலைச் சத்தமாக வாசித்தார். “கோழிக்கூடு. தும்புத்தடி, முதுகு. ஓட்டோ திருத்த. மேசை, முகம்.” பொறுப்பதிகாரி என் கணவரைப் பார்த்தார்.

“இதெல்லாம் உண்மையா?”

“அவள் எழுதினதெல்லாம் பொய்க் கணக்கு சேர்.”

“இதுல எந்தத் தாள் பொய்?”



அவர் வளவுக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டது. வெட்டியதற்கு என் மீதும் வழக்கு உண்டு, இன்னும் முடியவில்லை. அவர் தேற்றாத்தீவில் தாய் வீட்டில் இருக்கிறார். கடனெல்லாம் அவர் பேரில்தான். உண்மையான அட்டவணையை அவருடைய சட்டத்தரணியிடம் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று எனக்குத் தெரியாது.

கை கட்டோடு இருந்த நாட்களில் அக்காதான் எனக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டாள். ஒருநாள் கேட்டேன்.

“இவ்வளவு நாளும் உனக்குக் கேக்கல்லையா?”

“ஓம், கேட்ட.”

“மறுகா ஏன் வரல்ல?”

“நான் வந்திருந்தா நீ அவரோட நிண்டுகொண்டு, கிணத்தடியில வழுக்கின எண்டு எனக்கும் சொல்லியிருப்பாய்” என்றாள்.

சொல்லியிருப்பேன். அக்கா சிக்கு எடுத்து முடித்து, பின்னத் தொடங்கினாள்.